உள்ளே போங்க சார்: மழைக்கால வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமும் மாறிவிடுகிறது. கோடையில் குடிநீரையும் மின்வெட்டையும் பற்றி எழுதுகிறவர்கள், ஐப்பசி பிறந்ததும் பேருந்தையும் மின்சார ரயிலையும் பற்றி எழுதத் தொடங்குகிறார்கள். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நிர்வாகத்தைப் பற்றியவை அல்ல. பக்கத்தில் நின்ற சக பயணியைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

சென்ற வாரம் ஒரு மாலை, நல்ல மழை. கிண்டியில் நான் ஏறிய பேருந்தின் படிக்கட்டில் பத்துப் பேருக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முட்டி மோதி உள்ளே போனால், நடுப்பகுதியில் ஐந்தாறு பேர் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. உள்ளே இடம் இருக்கும்போது வாசலிலேயே ஏன் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்?
– ஒரு வாசகர், பல்லாவரம்

"உள்ளே போங்க சார், உள்ளே இடம் இருக்கு" என்று நடத்துநர்கள் தொண்டை வறளக் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குரலுக்கு எவரும் அசையாததைப் பார்த்து, இதெல்லாம் திமிர் என்று நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். திமிர் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய பங்கு பயத்துக்கு. பேருந்தின் நடுப்பகுதி இரண்டு வாசல்களிலிருந்தும் தள்ளி இருக்கிறது. அங்கே போய் மாட்டிக்கொண்டால் தன் நிறுத்தத்தில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலைதான் ஒருவரை வாசல் கம்பியோடு ஒட்டவைக்கிறது.

மழை நாளில் இந்தக் கவலை இரட்டிப்பாகிவிடுகிறது. ஷட்டர்களை இறக்கிவிடுகிறார்கள், கண்ணாடி இருக்கும் இடங்களில் மூச்சுக்காற்று படிந்து வெளியே எதுவும் தெரிவதில்லை, ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. எந்த நிறுத்தம் வந்திருக்கிறது என்பதை வாசலில் நிற்பவரைத் தவிர வேறு எவராலும் பார்க்க முடியாது. ஒரு நிறுத்தம் தவறிவிட்டால் கணுக்கால் அளவு நீரில் திரும்பி நடக்க வேண்டும். ஆகவே பத்து நிறுத்தங்கள் தள்ளி இறங்க வேண்டியவர்கூட, வெளியே தெரிகிற இடத்தில் இப்போதே நின்றுகொள்கிறார். அவரைப் போலவே நினைக்கும் பதினைந்து பேர் ஒன்றாகச் சேரும்போது வாசல் அடைபடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறவும் இறங்கவும் இரட்டிப்பு நேரம் பிடிக்கிறது. இறங்க முடியாமல் போய்விடுமோ என்று எதற்குப் பயந்தார்களோ, அதை அவர்களே உண்டாக்கிவிடுகிறார்கள்.

இதில் நான் அடிக்கடி பார்த்து வியக்கும் காட்சி ஒன்று உண்டு. தரையில் நின்றபடி "கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, நாங்களும் வீட்டுக்குப் போக வேண்டாமா" என்று கெஞ்சுகிறவர், இரண்டாவது படியில் கால் வைத்த அடுத்த நிமிடமே திரும்பிப் பார்த்து, "இங்கே எங்கே இடம் இருக்கு, அடுத்த வண்டியில வாங்க" என்கிறார். இரண்டு படிகள் ஏறுவதற்குள் கட்சி மாறிவிடுகிறார்.

வழி இல்லாமல் இல்லை. உள்ளே போகும்போதே பக்கத்தில் நிற்பவரிடம் எங்கே இறங்கப்போகிறோம் என்று சொல்லிவைக்கலாம். அவர் எங்கே இறங்குகிறார் என்றும் கேட்டுக்கொள்ளலாம். முந்தைய நிறுத்தத்தைத் தாண்டியதும் "அடுத்து இறங்கணும், வழி விடுங்க" என்று குரல் கொடுத்தபடி நகரத் தொடங்கினால் போதும். நம் ஊர்க் கூட்டத்துக்கு இது முடியாத காரியம் அல்ல. பின்வாசலோரம் உட்கார்ந்திருக்கும் நடத்துநரிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பத்துக் கை மாற்றிச் சேர்த்து, டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் பிசகாமல் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிற கூட்டம் இது. முகம் தெரியாதவரின் இரண்டு ரூபாயை இவ்வளவு பொறுப்பாகக் கடத்திவிடுகிறவர்கள், ஒரு மனிதரை வாசல்வரை கடத்திவிட மாட்டார்களா?

*

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஈரக்குடை என் புடவை முழுவதையும் நனைத்துவிட்டது. சொன்னதற்கு, "மழைன்னா நனையத்தாம்மா செய்யும்" என்று பதில் வந்தது. ஈரக்குடையை எப்படித்தான் வைத்துக்கொள்வது?
– ஒரு வாசகி, வடபழனி

மழையில் நனைவது வேறு, அடுத்தவர் குடையில் நனைவது வேறு என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்திருக்காது, இப்படிப்பட்ட பதில்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கும்போதுதான் நமக்குத் தோன்றும்.

குடையைப் படியேறுவதற்கு முன்பே மடக்கி, தரையை நோக்கி இரண்டு முறை உதறிவிட்டு ஏற வேண்டும். பெரும்பாலோர் படியில் ஏறி நின்றுகொண்டு உதறுகிறார்கள்; அது நேராகப் பின்னால் ஏறுகிறவரின் முகத்தில்தான் தெறிக்கிறது. மடக்கியதோடு விடாமல் நாடாவைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஈரத்துணி விரிந்து அடுத்தவர்மேல் படாது. பிறகு கூர்முனை கீழே இருக்குமாறு இரண்டு கால்களுக்கு இடையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கைப்பிடியைக் கம்பியில் மாட்டித் தொங்கவிடுவது வசதியாகத் தெரியலாம். ஆனால் பேருந்து ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அது ஊஞ்சலாடி, உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்கு அபிஷேகம் செய்கிறது.

குடை வாங்கும்போது அதே துணியில் தைத்த உறை ஒன்று கூடவே வருகிறதல்லவா? வீட்டுக்கு வந்த முதல் நாளே அதைத் தொலைத்துவிடுகிறோம். குடை செய்தவர் அதை அலங்காரத்துக்காகக் கொடுக்கவில்லை. (முன்பெல்லாம் ஒரு கேரி பேக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், அந்த யோசனையை நான் இங்கே அச்சில் ஏற்ற முடியாது.)

குடையைவிட அதிக இடம் பிடிப்பது முதுகுப்பை. மெட்ரோ ரயில் பெட்டிகளை வடிவமைக்கும்போது, நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு பேர் என்பதை வழக்கமான நிறைவாகவும் எட்டுப் பேர் என்பதை உச்ச நெரிசலாகவும் கணக்கில் கொள்கிறார்கள். அது மனிதர்களுக்குப் போட்ட கணக்கு; மடிக்கணினியும் டிபன் பாக்ஸும் தண்ணீர்ப் புட்டியும் திணித்த முதுகுப்பை அந்தக் கணக்கில் இல்லை. பையை முதுகில் மாட்டியிருப்பவருக்கு அது யார் முகத்தில் இடிக்கிறது என்பது தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது பையும் சேர்ந்து திரும்பிவிடுவதால் ஒருநாளும் தெரியவே போவதில்லை. ஆகவே ஏறுவதற்கு முன்பே பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வது ஒன்றே வழி.

உட்கார்ந்திருப்பவரிடம் "இதைக் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று பையைக் கொடுக்கும் வழக்கம் நம் பேருந்துகளில் இருக்கிறது; முன்பின் தெரியாதவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அருமையான வழக்கம்தான். மழை நாளில் மட்டும், பையின் அடிப்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்துவிட்டுக் கொடுங்கள். மழைச்சட்டை அணிந்து வருகிறவர்கள் அதைக் கழற்றி, ஈரமான பக்கம் உள்ளே போகுமாறு சுருட்டிக்கொண்டு ஏறினால், இறங்கும்வரை பக்கத்தில் நிற்பவர்களின் சாபத்துக்கு ஆளாக மாட்டார்கள்.

*

நாற்பது நிமிடம் நனைந்துகொண்டு நின்றால் ஒரு வண்டியும் வருவதில்லை. பிறகு ஒரே எண்ணில் மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் வண்டியில் முண்டியடித்து ஏறாமல் என்ன செய்வது? ஏறினால் நாகரிகம் இல்லாதவன் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், கொளத்தூர்

மூன்று வண்டிகளும் பணிமனையில் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே கிளம்பியதாகத்தான் நிறுத்தத்தில் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் இடைவெளி விட்டுக் கிளம்பிய வண்டிகள்கூட வழியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எப்படி என்பதைக் கேளுங்கள். தேங்கிய நீரைக் கடக்க முதல் வண்டிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடுத்த நிறுத்தத்தில் மேலும் பலர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள நேரம் ஆகிறது. அதனால் வண்டி மேலும் தாமதமாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் கூடுகிறது. பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற்ற ஆளே இல்லை. எல்லோரையும் முதல் வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. எனவே அது விரைவாக வந்து முதல் வண்டியின் வாலைப் பிடித்துவிடுகிறது. உலகில் பேருந்து ஓடுகிற ஊர்களில் எல்லாம் இந்தத் தலைவலி உண்டு.

மழை இதைப் பெருக்குகிறது. இருசக்கர வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் பேருந்துக்கு வருகிறார்கள். கணேசபுரம், துரைசாமி போன்ற சுரங்கப்பாதைகளில் நீர் நிரம்பிவிட்டால் போக்குவரத்து வேறு சாலைகளில் திரும்பி நெரிகிறது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே தண்டவாளத்தில் நீர் ஏறிவிட்டாலோ மின்சார ரயில் பயணிகளும் சாலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் இதுதான்: வெகுநேரம் கழித்துப் பிதுங்கிக்கொண்டு ஒரு வண்டி வந்தால், அதன் பின்னாலேயே இன்னொன்று ஓரளவு காலியாக வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முடிந்தால் முதல் வண்டியை விட்டுவிடுங்கள். எப்போதும் அப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். இரவு பத்து மணிக்கு மேல் வருகிற கடைசி வண்டியை இந்தக் கட்டுரையை நம்பி விட்டுவிட்டு, பிறகு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

முண்டியடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பேருந்து நிறுத்தத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நிழற்குடை. மழைக்காலத்தில் நிழலும் தேவையில்லை, குடையாகவும் அது பயன்படுவதில்லை. எல்லோரும் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, வண்டி வந்ததும் ஒரே வாசலை நோக்கி ஓடுகிறோம். ஏறும் அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறங்குகிறவர்களுக்கு ஓர் ஆள் அகலத்துக்காவது வழி விடாமல் ஏறுவது முட்டாள்தனம், ஏனென்றால் அவர்கள் இறங்கினால்தானே உங்களுக்கு இடம்? மும்பையில் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அங்கேயும் மழை நம் ஊர் மழையைவிடக் குறைவாகப் பெய்வதில்லை.

*

ஷட்டரை இறக்கினால் புழுக்கம், ஏற்றினால் சாரல். தினமும் சண்டை. யார் சொல்வது செல்லும்?
– ஒரு வாசகர், சைதாப்பேட்டை

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நனைவதற்குச் சம்மதிக்காதவரை அவர் சொல்வதுதான் செல்லும். சாரல் அடிக்கும் திசை ஒரு பக்கம்தான் என்பதால், மறுபக்கத்து ஷட்டர்களைப் பாதி ஏற்றி வைத்தாலே காற்று வரும். பேருந்து திரும்பினால் சாரலின் பக்கமும் மாறும். அப்போது மற்றவர் முறை.

*

கல்லூரி மாணவன் நான். மழையில் பெட்டிக்குள் ஈர வாடையும் நெரிசலும் மூச்சை முட்டுகின்றன. படியில் நின்றால் காற்றாவது வருகிறது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓரமாக நிற்பதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், திருநின்றவூர்

தம்பி, "படியில் பயணம் நொடியில் மரணம்" என்று எழுதிப்போட்டிருப்பதைப் படித்துப் படித்து உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். ஆகவே எச்சரிக்கை வாசகம் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஜூலை 24 அன்று காலை, சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூர் செல்லும் மின்சார ரயில், மேலே செல்லும் மின்கம்பியில் ஏற்பட்ட கோளாறினால், வழக்கமான பாதையை விட்டு விரைவு ரயில்கள் செல்லும் பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்து இறந்தார்கள். தினமும் வேறு பாதையில் தொங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சுவர் எவ்வளவு நெருக்கமானது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று நடந்ததற்கு மழை காரணமல்ல. மழை நாளில் இதோடு வேறு சில ஆபத்துகள் சேர்ந்துகொள்கின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது. நனைந்த இரும்புக் கம்பியில் உள்ளங்கை பிடிப்பதில்லை. ரப்பர்ச் செருப்பின் அடியில் சேறு ஒட்டியிருக்கிறது. ஒரு கையில் குடையோ கைப்பேசியோ இருப்பதால் மறுகையின் நான்கு விரல்களில்தான் முழு உடம்பும் தொங்குகிறது. பேருந்தில் படியில் பயணம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 123ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படி ஒருவரை ஏற்றிச்செல்வதும் அதே பிரிவின்படி தவறு. ரயில் படியில் தொங்குவதை ரயில்வே சட்டம், 1989-இன் 156ஆவது பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

யாருக்கும் தொந்தரவில்லை என்கிறீர்கள். உங்களைச் சுற்றிக்கொண்டுதான் ஒரு கர்ப்பிணியும் ஒரு முதியவரும் ஏற வேண்டியிருக்கிறது என்பதை அடுத்த முறை படியில் நிற்கும்போது பாருங்கள். மூச்சு முட்டுவது உண்மைதான். நீங்கள் உள்ளே போய் நின்று உங்கள் பக்கத்து ஜன்னலைப் பாதி திறந்தால், அந்தக் காற்று உங்களோடு இன்னும் பத்துப் பேருக்கும் கிடைக்கும்.

*

மழைக் கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுகிறார்கள். சொன்னால், "கூட்டம்னா இடிக்கத்தான் செய்யும், அவ்வளவு பத்தினியா இருந்தா ஆட்டோவுல போ" என்கிறார்கள். சுற்றி நிற்பவர்களும் வாய் திறப்பதில்லை.
– ஒரு வாசகி, அம்பத்தூர்

இந்தக் கடிதத்தை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. ஏனெனில் இது கவனக்குறைவு அல்ல, குற்றம். நெரிசலில் தற்செயலாகப் படுகிற கைக்கும், நெரிசலுக்காகக் காத்திருக்கிற கைக்கும் உள்ள வேறுபாடு பேருந்தில் பயணம் செய்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தற்செயலாகப் பட்டுவிட்டவர் முறைத்த மறுகணமே கையை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார். ஆட்டோவில் போகச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 நவம்பரில் தந்த தீர்ப்பு உங்களுக்குப் பயன்படும். பொதுப் பேருந்துக்குள் ஒரு பெண் துன்புறுத்தப்பட்டால், அவர் கேட்டுக்கொள்ளும் பட்சத்தில், வண்டியின் பணியாளர்கள் அதை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்று தகவல் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு பணிக்கிறது. ஆகவே அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருக்காமல் நேரே நடத்துநரிடம், எல்லோர் காதிலும் விழும்படி, "வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ரயிலில் என்றால் 139.

சுற்றி நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போக நேரமாகிறது, வண்டியை நிறுத்தாதீர்கள் என்று அந்தப் பெண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன். நேரமாக்கியது அவள் அல்ல.

*

மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் இவ்வளவு நெரிசல். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் நிற்க, சும்மா வருகிறவர்கள் உட்கார்ந்து வருகிறார்கள்.
– ஒரு வாசகர், பெரம்பூர்

நீங்கள் டிக்கெட் வாங்கியது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு. இருக்கைக்கு வாடகை கொடுக்கவில்லை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது, அதாவது நீங்களும் நானும் அந்தப் பெண்களும் கட்டும் வரியிலிருந்து. சென்னைப் பேருந்தில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதோ இந்தத் திட்டத்துக்கு மிகவும் முந்தைய ஏற்பாடு. கூட்டம் கூடியிருந்தால் வண்டிகள் கூட வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மழையில் ஏறி உட்காரும் ஓர் அம்மாவைப் பார்த்துச் "சும்மா வருகிறவர்" என்று சொல்வதில் மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள்.

*

முப்பது ஆண்டுகளாக மும்பையில் இருக்கிறேன். இங்கே உள்ளூர் ரயிலுக்குள் நெருக்கடி பழகிவிட்டது. எனக்குப் பயம் தருவது நிலையத்துப் படிக்கட்டுகள்தான். மழை பிடித்துக்கொண்டால் பாலத்தின் கடைசிப் படியில் வந்து நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் என்ன ஆவது?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

ரயிலைவிடப் படிக்கட்டு பயம் தருகிறது என்று நீங்கள் சொல்வது சரி. 2017 செப்டம்பர் 29 அன்று காலை, உங்கள் மாட்டுங்காவுக்கு அருகிலேயே, அப்போது எல்ஃபின்ஸ்டன் ரோடு என்றும் இப்போது பிரபாதேவி என்றும் அழைக்கப்படும் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நடந்தது இதுதான். திடீரென்று பெருமழை கொட்டியது. கீழே இறங்க வேண்டியவர்கள் மழை விடட்டும் என்று பாலத்திலும் படியிலும் ஒதுங்கி நின்றார்கள். அடுத்தடுத்து வந்த ரயில்களில் இருந்து இறங்கியவர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள். முன்னே நிற்பவர் நகரவில்லை என்பது பின்னே வருகிறவருக்குத் தெரியவில்லை. அவரைத் தள்ளுகிறவருக்கு அதுவும் தெரியவில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் அந்தக் குறுகிய படிக்கட்டில் நசுங்கி இறந்தார்கள். பூ விழுந்துவிட்டது என்று யாரோ சொன்னது பாலம் விழுந்துவிட்டது என்று காதில் விழுந்ததாகவும் அப்போது பேசப்பட்டது. இந்தியில் பூவுக்கு ஃபூல், பாலத்துக்குப் புல்.

கூட்டத்தில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நான்கு பக்கமும் அழுத்தம் ஏறி, மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத் திணறிப் போகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேரைத் தாண்டிவிட்டால் நாம் நம் காலால் நடப்பதில்லை. கூட்டம் நம்மைக் கொண்டுபோகிறது. மும்பை உள்ளூர் ரயிலின் உச்ச நேரத்தில் சதுர மீட்டருக்குப் பதினான்கு முதல் பதினாறு பேர்வரை நிற்கிறார்கள் என்றால், அந்தப் பெட்டி மொத்தமும் ஒரே படியில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பாலம் போதாது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். விபத்துக்குப் பிறகு ராணுவத்தை வைத்து ஐந்து மாதத்துக்குள் புதிய நடைமேம்பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஐந்து மாதத்தில் முடிகிற வேலைக்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சக பயணியைக் குறை சொல்லவே மனம் வராது. இருந்தாலும் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு: குடை இல்லாவிட்டாலும் கடைசிப் படியில் நிற்காமல் இறங்கிப் பத்தடி தள்ளிப்போய் நிற்பது. குடை இருந்தால், அதைப் படியிலேயே நின்று விரிக்காமல் வெளியே வந்து விரிப்பது. படியில் நின்று ஒருவர் குடையை விரிக்கும் அந்த நான்கு நொடிகளில் அவர் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் கிண்டியிலும் மாம்பலத்திலும் மாலை ஆறு மணி மழையில் இதே காட்சியைப் பார்க்கலாம்.

*

வயது எழுபத்தொன்று. மழையில் ஓட்டுநர்கள் தேங்கிய நீருக்காக ஓரத்தை விட்டுத் தள்ளி நிறுத்துகிறார்கள். நீரில் இறங்கி நடந்து, உயரமான முதல் படியில் கால் வைப்பதற்குள் இளைஞர்கள் என்னைத் தாண்டி ஏறிவிடுகிறார்கள்.
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய புதிய தாழ்தளப் பேருந்துகளில் படியேறும் சிரமம் இல்லை. நிறுத்தத்தில் வண்டியே ஓரத்தை நோக்கிச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். உங்கள் வழித்தடத்தில் அவை வருகின்றனவா என்று பாருங்கள். மற்ற வண்டிகளில், கூச்சப்படாமல் பக்கத்தில் இருக்கும் இளைஞரின் முழங்கையைப் பிடித்து, "தம்பி, ஒரு கை கொடுப்பா" என்று கேட்டுவிடுங்கள். தாண்டி ஓடுகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பார்ப்பதே இல்லை. கேட்டுவிட்டால் கொடுக்காமல் போகிறவர் அரிது.

*

இவ்வளவு உபதேசம் செய்யும் நீங்கள் பேருந்தில் போவதுண்டா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

உண்டு. நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பாரிமுனையிலிருந்து அடையாறு வழியாகப் போகும் பேருந்தில் பின்வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வெளியே விடாத மழை. நடத்துநர் உள்ளே போகச் சொல்லி இரண்டு முறை கத்தினார். என்னைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். லஸ் முனையில் இறங்குவதற்காகப் பூக்காரம்மா ஒருவர் இடுப்பில் கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் ஒதுங்கினேன், என் முதுகில் இருந்த பை ஒதுங்கவில்லை. அவர் கூடை அதில் சிக்கியது. அதை விடுவித்துக்கொண்டு அவர் படிக்கு வருவதற்குள் விசில் அடித்து வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில்தான் அவரால் இறங்க முடிந்தது. மன்னிச்சுக்கோங்கம்மா என்றேன். கூடையின்மேல் போர்த்தியிருந்த தாளில் தேங்கிய நீரை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊற்றியபடியே, "பரவாயில்ல கண்ணு, பூவுக்குத் தண்ணி நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். நான் மறுபடியும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய இடம் திருவான்மியூர். அதற்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.